கோத்தகிரியிலிருந்து நெட் தமிழ்: கைடை விட முன்னுரைகள் உதவின

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூ.ஜி.சி. நெட் தேர்வை தமிழ்ப் பாடத்தில் எழுதியிருந்தேன், ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) கிடைக்கவில்லை. அம்மா மிட்டாய் வாங்கி லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் கொடுத்து முடித்துவிட்டார். எனக்குள் பாதி நிம்மதி, பாதி எரிச்சல். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிய பிறகு எழுதினால் நானும் 'திட்டமிட்டுப் படியுங்கள், தன்னம்பிக்கையோடு இருங்கள்' என்று ஆரம்பித்துவிடுவேன்.

பாடத்திட்டம், மதிப்பெண், கட் ஆஃப் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நோட்டு போடுங்கள். அதில் நூலின் பெயருக்கு எதிரே ஓர் ஆண்டு அல்ல, இரண்டு ஆண்டு எழுதுங்கள்: இயற்றிய ஆண்டு, அச்சான ஆண்டு. என்னைக் கேட்டால் தமிழ்ப் பாடம் வரும் இரண்டாம் தாளுக்கு இதுதான் படிப்பு, மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். 'காலவரிசைப்படுத்துக' கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் எழுதப்பட்டது. அது முழுதாக அச்சில் வந்தது 1824இல். இடையில் 1779இலேயே பெப்ரீசியஸ் அகராதி வேப்பேரியில் அச்சாகிவிட்டது. எழுதிய வரிசையில் கேட்டால் சதுரகராதி முன்னால் வரும். அச்சு வரிசையில் கேட்டால் பெப்ரீசியஸ் முன்னால். அதற்குப் பிறகு வின்சுலோ அகராதி 1862, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை. நான் காசு கொடுத்து வாங்கிய கைடில் இவற்றுக்கு ஆளுக்கோர் ஆண்டுதான் இருந்தது, அது எந்த ஆண்டு என்ற விளக்கமே இல்லை. விலை மட்டும் கொட்டை எழுத்தில்!

பழந்தமிழ் நூல்களின் பதிப்பிலும் இதே கதைதான். உ.வே.சா. வரிசையை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்: சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலம்பு 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, குறுந்தொகை 1937. சரி. ஆனால் குறுந்தொகையை முதலில் பதிப்பித்தவர் சௌரிப்பெருமாள் அரங்கன், ஆண்டு 1915. சிந்தாமணி வந்த அதே 1887இல் சி.வை.தாமோதரம் பிள்ளையின் கலித்தொகை வந்தது. நற்றிணை பின்னத்தூர் நாராயணசாமி ஐயர், 1915. உ.வே.சா.வை மட்டும் உருப்போட்டவர்களைக் குறி வைத்தே பொருத்துக கேள்விகள் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதையெல்லாம் நான் கைடில் எடுக்கவில்லை. நூலகத்தில் குறிப்புதவிப் பகுதி என்று ஒன்று இருக்கிறதே, யாரும் போகாத அந்த மூலையில் எடுத்தேன். அங்கே இருக்கிற புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். உட்கார்ந்து கையால்தான் எழுதியாக வேண்டும். எனக்கு அது வரம். வீடியோ பார்த்தால் தூக்கம் வரும், நாலு பேரோடு சேர்ந்து படித்தால் பேச்சுதான் வளரும், எழுதினால்தான் மண்டையில் ஏறும். உங்களுக்குக் கேட்டால்தான் ஏறும் என்றால் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

ஆடிச் சாரலில் லெக்சிகன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் இழுத்தால் கிழியும். புத்தகத்தை மேசையில் நிறுத்தி, முதுகைப் பிடித்து லேசாக விரித்துவிட்டால் தானாகப் பிரியும். நூலகர் அக்கா காட்டிக்கொடுத்த வழி இது. "இதையெல்லாம் யாரும்மா கேக்கறாங்க" என்றவர், அப்புறம் ஜன்னலோரம் வெளிச்சம் விழும் நாற்காலியை எனக்கென்றே விட்டுவைத்தார்.

அங்கே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் முன்னுரை, பதிப்புரை. லெக்சிகனின் ஆங்கில முன்னுரையில் நிகண்டுகள் தொடங்கி அகராதி வரலாறே இருக்கிறது. அபிதான சிந்தாமணி (1910), பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992) என்று ஒவ்வொன்றின் முன்பக்கங்களையும் படித்தேன். உள்ளே முழுதாகப் படிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை.

மொழியியல் அலகில் நம் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கால்டுவெல் திராவிட மொழிகளைத் திருந்தியவை ஆறு, திருந்தாதவை ஆறு என்று பிரித்தார். திருந்தாதவற்றில் முதல் இரண்டு தோடம், கோத்தம். சமவெளி நண்பர்கள் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் திணறினார்கள். எனக்கு அவை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கேட்கிற மொழிகள். (திருந்தாதவை என்பதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்!) மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி இம்மொழிகளைக் களத்தில் பதிவு செய்தார். பர்ரோவும் அவரும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984இல். அதில் ஒரு பதிவைத் திறந்தால் முதலில் தமிழ், அடுத்து மலையாளம், அதற்கடுத்து கோத்தம், தோடம், பிறகுதான் கன்னடம். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் தென் திராவிட மொழிகளைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகத்தில் இதுவும், லெக்சிகனும், வின்சுலோவும், பெப்ரீசியஸும் இலவசம். எங்கள் லைனில் சிக்னல் வருவது இரவில்தான், அதனால் தேவையான பக்கங்களை அப்போதே எடுத்து வைத்துக்கொள்வேன்.

இனி எல்லாப் பாடத்துக்கும் பொதுவான முதல் தாள். இங்கேதான் என் எரிச்சல். தமிழில் பட்டம் வாங்கித் தமிழ் கற்பிக்கப் போகிறவருக்கு ஐம்பது கேள்வி ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். ஜே.ஆர்.எஃப். எனக்கு நழுவியது இதில்தான். மாறும்வரை என்ன செய்வது? நம் கையில் இருப்பதை வைத்து அடிக்க வேண்டும். இந்தியத் தருக்கவியல் பகுதி வருகிறதே, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மணிமேகலையை எடுங்கள். சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் அளவைவாதி சொல்லும் பட்டியலில் தேர்வுக்கு வேண்டிய ஆறு பிரமாணங்களும் (அறிவைப் பெறும் வழிகள்) இருக்கின்றன: பிரத்தியட்சம் காண்டல், அனுமானம் கருதல், உபமானம் உவமம், சப்தம் ஆகமம், அர்த்தாபத்தி அருத்தாபத்தி, அனுபலப்தி அபாவம். ஹேத்வாபாசம் என்று மிரட்டுவது தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அறவண அடிகள் விளக்கும் ஏதுப்போலிதான், அதாவது காரணம் போலத் தோன்றும் போலிக் காரணம். இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மற்றவை, வேகமாக:

- தரவு விளக்கம்: எனக்கு வராது. கடைசிக்குத் தள்ளினேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் காலியாக விடவில்லை.
- கூற்று, காரணம்: இரண்டும் சரியாக இருந்தாலும் 'ஏனெனில்' போட்டு வாசித்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் விளக்கம் அல்ல.
- மாதிரித் தேர்வு: நான் அதிகம் எழுதவில்லை. எழுதியவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.
- ஆன்சர் கீயைச் சவால் செய்யக் கேள்விக்கு 200 ரூபாய். பழைய பதிப்பின் தலைப்புப் பக்கத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தேடி இணையுங்கள். கைடுப் பக்கத்தை ஆதாரமாக வைக்காதீர்கள்.
- மலையிலிருந்து போகிறவர்கள்: மையம் கோவையில் விழுந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் எங்கே மரம் விழும், எங்கே மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. காலை ஷிஃப்டுக்கு முதல் பஸ்ஸை நம்புவது சூதாட்டம். கீழே போனதும் வேர்க்கிறதே என்று ஸ்வெட்டரை அறையில் விட்டுப் போகாதீர்கள். தேர்வு அறையில் ஏசி, மூன்று மணி நேரம், எழுந்து நடக்கவும் முடியாது.