நரி, எலி, நாடாப்புழு: சூரிச் நாட்குறிப்பு

அக்டோபர் 9, 2023

சூரிச் நகரின் ஓரத்தில், காட்டை ஒட்டினாற்போல, வாடகைக்கு விடும் சின்னச் சின்னத் தோட்டங்கள் இருக்கின்றன. இன்று பகல் முழுக்க அங்கே எலிப்பொறி வைக்கும் வேலை. நரியைப் பற்றி ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு எதற்கு எலி பின்னால் அலைகிறாய் என்று ஊரிலிருந்து போன் செய்யும் நண்பர்கள் கேட்கிறார்கள். எலி இல்லாவிட்டால் இந்தப் புழுவுக்குப் பிழைப்பே இல்லை.

நாங்கள் தேடுவது எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ். இங்கே மக்கள் நரி நாடாப்புழு என்பார்கள். வளர்ந்த புழு செந்நரியின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டைகள் எச்சத்தோடு வெளியே வரும். முட்டை ஒட்டிய புல்லையோ வேரையோ எலி தின்றால், அதன் ஈரலில் புழுவின் இளம்பருவம் வளரும். அந்த எலியை நரி பிடித்துத் தின்ன வேண்டும், அப்போதுதான் சுற்று முழுமையாகும். ஒரு நரியிடமிருந்து இன்னொரு நரிக்கு இது நேராகத் தொற்றாது. எலியைத் தின்னும் நாயின் குடலிலும் இந்தப் புழு வளரும். முட்டை மனிதர் வாய்க்குள் போனால், எலிக்குப் போலவே ஈரலில் நோய் வரும்.

இது நம் வீட்டு எலி இல்லை. வோல் என்ற வகை. குட்டை வால், மழுங்கிய மூக்கு, ரோமத்துக்குள் புதைந்த காது. அதில் மண்ணுக்குள்ளேயே வாழ்கிற பெரிய வகையை இங்கே ஷேர்மவுஸ் என்கிறார்கள். தோட்டக்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது, கேரட்டைக் கீழிருந்தே தின்றுவிடும். வளை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் கம்பி திடீரென்று உள்ளே இறங்கும். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு வளையைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே எலி இருந்தால் அதற்குக் காற்றும் வெளிச்சமும் பிடிக்காது, கொஞ்ச நேரத்தில் மண்ணைத் தள்ளி அடைத்துவிடும். அடைத்த இடத்தில் பொறியை இறக்கலாம்.

அக்டோபர் 11

மேசை மேல் ஈரல்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் வேறொரு நாடாப்புழு. பூனையின் டீனியா டீனியாஃபார்மிஸ். ஈரலில் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைக் குமிழ் நிற்கும். ஊசியால் கீறினால் உள்ளே சுருண்டு கிடக்கும் வெள்ளை நாடா ஒன்று வெளியே வரும். இடுக்கியால் மெல்ல இழுத்து நீட்டினால் சில சென்டிமீட்டர் நீளம். நுனியில் தலை முழுதாக உருவாகியிருக்கும், உருப்பெருக்கியில் கொக்கி வளையம்கூடத் தெரியும். பூனையின் வயிற்றுக்குள் போவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. தெருவில் வீட்டுப் பூனைகள் எத்தனை எலி பிடிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

நரிப்புழு அப்படி ஒரே குமிழாக இருக்காது. ஈரலின் ஓரத்தில் சின்னச் சின்ன வெண்கொப்புளங்கள், ஒன்றிலிருந்து ஒன்று மொட்டு விட்டபடி, எல்லை இல்லாமல் சதைக்குள் ஊடுருவியிருக்கும். இன்று ஒரு எலியில் ஈரலின் பாதியே அப்படித்தான் இருந்தது. ஒரு கொப்புளத்தை நசுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். புழுத்தலைகள் மணல் மணலாகக் குவிந்திருந்தன, ஒவ்வொன்றும் உள்ளே மடங்கிய கொக்கிகளோடு. இப்படி முற்றிய ஒரு ஷேர்மவுஸில் லட்சத்துக்கு மேல் தலைகள் இருக்கலாம். அதை ஒரு நரி தின்றால் போதும், நாலு வாரத்தில் அதன் குடலில் புழுக்கள் முட்டையிட ஆரம்பித்துவிடும்.

சந்தேகமான சின்னப் புள்ளிகளை எல்லாம் பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டேன். இளம் கொப்புளத்தை வெறும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அக்டோபர் 18

மழை. பொறிகளில் ஒன்றும் இல்லை. தோட்டத்து நடைபாதை நடுவிலேயே புதிய நரி எச்சம். உறை போட்டு எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 27

பக்கத்துத் தோட்டத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வெங்காயம், வெந்தயக்கீரை, கோடையில் மிளகாய் எல்லாம் போடுவார். சுவிட்சர்லாந்தில் இப்படி மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர். இன்று என்னை வேலி ஓரமாக நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, நரி உலாவுற இடமெண்டு சொல்றீங்கள். இந்தக் கீரையைச் சாப்பிடலாமோ? பிள்ளையளுக்குக் குடுக்கப் பயமாக் கிடக்கு."

"சமைத்துத்தானே அக்கா சாப்பிடுகிறீர்கள்? அடுப்புச் சூட்டில் முட்டை செத்துவிடும்."

"அப்ப பச்சையாச் சாப்பிடுற வெங்காயத் தாள், கொத்தமல்லி?"

அதுதான் சரியான கேள்வி. நன்றாக அலசினால் ஆபத்து குறையும், ஆனால் முட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆகவே தரையோடு வளர்வதைச் சமைத்துச் சாப்பிடுவது நல்லது. அவரிடம் நான் அழுத்திச் சொன்னது இரண்டாவது விஷயத்தை. வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் இந்த முட்டை சாகாது. பனிக்கட்டிக்கடியிலும் ஈர மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கப் பழகியது அது. வெயிலும் வறட்சியும்தான் அதற்கு ஆகாதவை.

வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், நகத்தைக் கட்டையாக வெட்டுங்கள், தோட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்றேன். "ஓம், விடமாட்டன்" என்றவர், ஒரு கட்டு வெந்தயக்கீரையைக் கையில் தந்துதான் அனுப்பினார்.

நவம்பர் 14

நரிகள். காரில் அடிபட்டவை, வேட்டைக் காலத்தில் சுடப்பட்டவை. எதையும் வந்தவுடன் அறுப்பதில்லை. மைனஸ் 80 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பிறகுதான் திறப்போம். அந்தக் குளிரில்தான் முட்டை சாகும்.

குடலை நீளவாக்கில் கீறி, துண்டுகளாக்கி, உப்புநீர் நிரம்பிய புட்டியில் போட்டுப் பலமாகக் குலுக்க வேண்டும். பிறகு குடலின் உட்தோலைக் கையுறை விரல்களுக்கிடையே அழுத்தி வழித்தெடுக்க வேண்டும். படிய விட்டு, மேல் நீரை ஊற்றி, மறுபடி நீர் விட்டு, தெளியும் வரை இதையே செய்ய வேண்டும். கடைசியில் அடியில் நிற்கும் படிவைக் கறுப்புத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தால் வெள்ளைத் தூசி போலத் தெரியும். நாடாப்புழு என்றதும் நாம் நினைத்துக்கொள்கிற முழ நீளம் இதற்கு இல்லை. ஒன்றிலிருந்து நாலரை மில்லிமீட்டர் வரை, அவ்வளவுதான். நாலைந்து கணுக்கள். கடைசிக் கணுவில் சுமார் 200 முட்டைகள்.

இன்று திறந்தவற்றில் ஒரு நரியில் ஏழெட்டுப் புழு. அடுத்ததில் எண்ணவே முடியவில்லை, ஒரு பங்கை எண்ணிப் பெருக்கிக் கணக்கிட்டோம். அதுவும் இளம் நரி, நல்ல சதைப்பிடிப்போடு, பளபளவென்ற ரோமத்தோடு இருந்தது. புழுவால் நரிக்குப் பெரிய தொல்லை கிடையாது.

இந்த ஏற்றத்தாழ்வு இந்த நகரத்தில் முன்னரே பதிவானது. 1996 ஜனவரியிலிருந்து 1998 பிப்ரவரி வரை சூரிச்சில் 388 நரிகளை ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில் நகருக்குள் பிடிபட்டவற்றில் 47 சதவீதத்தில் புழு. நகரை ஒட்டிய காட்டோரத்தில் 67 சதவீதம். குளிர்காலத்தில் கிடைத்த, தொற்றுள்ள 133 நரிகளில் இருந்த புழுக்கள் மொத்தம் 3,98,653. அதில் 72 சதவீதம் வெறும் 10 நரிகளின் குடலில் இருந்தது. குட்டிப் பருவம் தாண்டிய இளம் நரிகளில் சுமை அதிகம் என்பதும் அப்போதே தெரிந்தது. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நவம்பர் 22

ஒரு நோயாளியோடு பேசக் கிடைத்தது. பால்மாடு வைத்திருந்து ஓய்வு பெற்ற விவசாயி. பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஈரலில் ஒரு நிழல் தெரிந்ததாம். அதுவரை ஒரு வலியும் இல்லை.

மனித ஈரலில் இது புற்றுநோய்க் கட்டி போலவே பரவும். 1855-ல் ஜெர்மன் மருத்துவர் வீர்ஷோ இது ஒரு புழுவின் வேலை என்று கண்டறியும் வரை மருத்துவர்களும் கட்டி என்றே நினைத்திருந்தார்கள். முட்டை உள்ளே போய் நோய் வெளியே தெரிய 5 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம். எந்தப் புல், எந்த நாய், எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவரும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எலி பிடிக்கும் பண்ணை நாய் ஒன்று எப்போதும் வீட்டில் இருந்தது என்றார். விவசாயிகளுக்கும் அப்படி நாய் வளர்ப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்தான், ஆனால் அந்த நாய்தான் காரணம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் ஆதாரம் இல்லை.

கட்டியை அறுத்து முழுதாக எடுக்க முடிந்தால் எடுப்பார்கள். முடியாவிட்டால் அல்பெண்டசோல் என்ற மாத்திரை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க. அது புழுவைக் கொல்வதைவிட வளரவிடாமல் தடுக்கிறது என்பதே சரி. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சேரும், அதனால் காலையிலும் இரவிலும் மாத்திரையோடு சீஸ் தடவிய ரொட்டி. சுவிஸ் கணக்குப்படி 1970-ல் இந்த நோய் ஒருவரின் ஆயுளில் 18 ஆண்டுக்கு மேல் பறித்தது. 2005-ல் அது நாலு ஆண்டுக்கும் கீழே வந்துவிட்டது. மாத்திரை அவ்வளவு செய்திருக்கிறது. அவருக்கு 74 வயது, இன்னும் தானே விறகு வெட்டுகிறார்.

டிசம்பர் 5

"நகரத்துக்குள் நரி எப்படி வந்தது?" என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

ஒரு பெரிய நல்ல காரியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1967-ல் வெறிநோய் நரிகள் வழியாக சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தது. நரிகளைச் சுட்டார்கள், வளைக்குள் வாயு அடித்தார்கள், நோய் நிற்கவில்லை. 1978-ல் ரோன் பள்ளத்தாக்கில் கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரிகளுக்குப் போட்டார்கள். வாய்வழித் தடுப்பு மருந்தை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே காட்டு விலங்குக்குக் கொடுத்துப் பார்த்தது உலகில் அதுவே முதல் முறை. அது வென்றது. 1999-ல் நாடு வெறிநோயற்றது என்று அறிவிக்கப்பட்டது.

வெறிநோய் போனதும் நரிகள் பெருகின. 1980களின் நடுவிலிருந்து சூரிச் தெருக்களிலும் அவற்றைப் பார்க்க முடிந்தது. குப்பை, பழம், பூனைக்கு வைத்த சாப்பாடு, பூங்காவில் எலி. எதற்குக் காட்டுக்குத் திரும்ப வேண்டும்? மனிதரில் நரிப்புழு நோய் 1993 முதல் 2000 வரை ஆண்டுக்கு லட்சத்துக்கு 0.10 பேர் என்று இருந்தது. 2001 முதல் 2005 வரை 0.26. நோய் வெளியே தெரிய எடுக்கும் ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள், கணக்கு பொருந்தும். இன்னமும் அரிய நோய்தான், பதற வேண்டியதில்லை. அதற்காக வெறிநோயை விட்டிருக்கலாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 16, 2024

இன்று மாலை பக்கத்து ஊரில் ஒரு கூட்டம். நரிகளைச் சுட்டுக் குறைத்தால் பிரச்சினை தீரும் என்று ஒரு தரப்பு. எங்கள் தரப்பில் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேசியதை எழுதி வைக்கிறேன்.

சுடுவதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். பிரான்சின் நான்சி நகரைச் சுற்றி சுமார் 700 சதுர கிலோமீட்டரில், நாலு ஆண்டுகள், இரவெல்லாம் காரில் விளக்கடித்து நரிகளைச் சுட்டார்கள். நரிகளின் எண்ணிக்கை குறையவில்லை. தொற்றுள்ள நரிகளின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 55 ஆக ஏறியது. அதே காலத்தில் சுடாத பகுதியில் அப்படி ஏறவில்லை. காரணம் எங்கள் மேசையிலேயே தெரிகிறது. இடம் பிடித்து வாழ்ந்த வயதான நரி செத்தால், அந்த இடம் நாளைக்கே நிரம்பும். நிரப்ப வருவது வெளியிலிருந்து அலைந்து வரும் இளம் நரி. புழுச்சுமை அதிகம் உள்ளதும் அதுதான்.

"ஜப்பானில் நரியை ஒழித்துத்தானே நோயை ஒழித்தார்கள்?" என்று ஒருவர் கேட்டார். படித்துவிட்டு வந்திருக்கிறார், மகிழ்ச்சியாக இருந்தது. ஜப்பானின் வடக்குப் பெருந்தீவான ஹொக்கைடோவுக்கு அருகே உள்ள ரெபுன் தீவைச் சொல்கிறார். 1920களில் எலியை ஒழிக்கவும் ரோமத்துக்காகவும் குரில் தீவிலிருந்து நரிகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். நரியோடு புழுவும் வந்தது. தீவில் ஏற்கெனவே இருந்த வோல் எலிகளில் அது குடியேறியது. நூற்றுக்கு மேற்பட்ட தீவுவாசிகளுக்கு நோய். 1950களில் நரிகளையும் நாய்களையும் அகற்றி ஒழித்தார்கள், உண்மைதான். ஆனால் அது தீவு, கடலைத் தாண்டி வேறு நரி வரவில்லை. ஹொக்கைடோவின் பெருநிலத்தில் அதைச் செய்ய முடியவில்லை, இன்று அங்கே நரிப்புழு எங்கும் பரவியிருக்கிறது. சூரிச்சைச் சுற்றிக் கடல் இல்லை.

பிப்ரவரி 2

கூட்டத்தில் ஒரு அம்மாள் கேட்டிருந்தார், அப்படியானால் என்னதான் செய்வது என்று. நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்னேன். இங்கே முழுதாக.

புழுமருந்து இருக்கிறது, பிராசிகுவான்டல். நாய்க்குக் கொடுப்பதுதான். அதை இரைத்துண்டுக்குள் வைத்து நரி போகும் வழியில் போடலாம். சூரிச்சில் 2000-லும் 2001-லும் செய்து காட்டினார்கள். மாதம் ஒருமுறை, சதுர கிலோமீட்டருக்கு 50 இரை. ஒரு சதுர கிலோமீட்டர் அளவிலான ஆறு பகுதிகளில், புழு இருப்பதற்கான அடையாளம் காட்டிய எச்சங்கள் 38.6 சதவீதத்திலிருந்து 5.5 ஆக இறங்கின. இரை போடாத பகுதிகளில் மாற்றமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி: அந்தப் பகுதிகளில் ஷேர்மவுஸ் எலிகளிலும் தொற்று குறைந்தது. எலியில் குறைந்தால்தான் முட்டை மண்ணில் குறைந்தது என்று நம்பலாம். அதனால்தான் நான் கம்பியோடு அலைகிறேன்.

சிக்கல், இதை நிறுத்தாமல் செய்ய வேண்டும். மருந்து உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும், அடுத்த எலியைத் தின்றால் நரிக்குப் புதிய புழு. பணம் தொடர்ந்து வேண்டும், நாடு முழுக்கச் செய்ய முடியாது. மக்கள் நெருக்கமாகப் புழங்கும் தோட்டங்கள், பூங்காக்கள், பள்ளிகளை ஒட்டிய புல்வெளி, இவற்றைத் தேர்ந்தெடுத்துச் செய்வதே நடக்கிற காரியம். அதற்கு எங்கே எலி, எங்கே தொற்று என்ற வரைபடம் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: எலி பிடிக்கும் நாய்க்கு மாதம் ஒருமுறை பிராசிகுவான்டல், கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நரிக்குச் சாப்பாடு வைக்காதீர்கள். செத்த நரியை வெறும் கையால் தொடாதீர்கள், காட்டுயிர்க் காவலருக்குச் சொன்னால் வந்து எடுப்பார்கள்.

அந்த ஊரிலிருந்து இன்று பதில் வந்தது. சுடும் யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தோட்டங்களில் எலிகளைப் பரிசோதிக்க அனுமதியும் தந்திருக்கிறார்கள். நிலம் இளகியதும் மார்ச்சில் பொறி வைக்க ஆரம்பிக்கிறோம்.