நாலு துடுப்பும் ஒரே சத்தம்

இன்று காலை முத்துப்பேட்டையில், கோரையாற்றில், எங்கள் நாலு பேர் துடுப்பும் முதல் முறையாக ஒன்றாகத் தண்ணீரில் இறங்கியது. பத்துப் பன்னிரண்டு தடவைதான் இருக்கும். அதுவரை சளக் சளக் என்று தனித்தனியாகக் கேட்டது, சட்டென்று ஒரே சத்தமாகிவிட்டது. உடம்பு சிலிர்த்துப்போச்சு.

மூன்று வாரமாகத் துடுப்புப் படகு ஓட்டப் பழகுகிறோம். ஆளுக்கு ஒரு துடுப்பு, போகிற திசைக்கு முதுகு. வழி பார்ப்பது சுக்கான் பிடிக்கிற அண்ணன் மட்டும்தான். தாளம் அவருக்கு எதிரில் உட்காரும் மாப்பிள்ளையுடையது. நான் மாப்பிள்ளைக்குப் பின்னால். அவன் முதுகு எப்போது சாய்கிறதோ அப்போது நானும் சாய வேண்டும். என் துடுப்பைத் திரும்பிப் பார்த்தால் அரை நொடி பிந்திவிடுவேன், படகே ஒரு பக்கம் இழுக்கும்.

போன வாரம் துடுப்பின் தகடு கோணலாக இறங்கி, தண்ணீர் அதை அப்படியே கவ்விக்கொண்டது. கைப்பிடி வந்து நெஞ்சில் அடித்தது. இன்னும் வலிக்கிறது. ஆழமாகப் போட்டால் வேகம் என்று நினைத்திருந்தேன். தகடு மறைந்தாலே போதுமாம். அப்புறம், பலம் கையில் இல்லை. காலால் பலகையை உதைப்பதில்தான் இருக்கிறது.

சென்னையில் துடுப்புப் படகுக்கென்று மெட்ராஸ் போட் கிளப்பை 1867-லேயே தொடங்கிவிட்டார்கள். இத்தனை ஆறும் வாய்க்காலும் ஓடுகிற நம் டெல்டாவில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர இடம் வேண்டும். மனசார ஆசைப்படுகிறேன்.

திரும்பும்போது அலையாத்தி மரங்களுக்கு மேலே வெயில் ஏறிவிட்டது. உள்ளங்கையில் நாலு கொப்புளம். நாளைக்கும் ஐந்தரைக்கே படகுத்துறையில் இருப்போம். நீச்சல் தெரிந்தவர்கள் வாங்க.