குழாய் பிடிப்பவன் பார்வையில் ஹைட்ரஜன் விமானம்

ஹைட்ரஜன் விமானம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் ஷிப்ட் வாட்ஸப் குழுவில் யாராவது போட்டுவிடுவார்கள். கூடவே "அண்ணே, இனிமே புகையே கிடையாதாம், வெறும் தண்ணிதானாம்" என்று ஒரு வரி. செய்தியில் வெள்ளை வெளேரென்று ஒரு விமானம் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். தரையில் அதற்கு எரிபொருள் ஏற்றும் வண்டியை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவதுதான் என் பிழைப்பு என்பதால் என் கண் அதைத்தான் தேடும்.

எங்கள் வேலையைப் பயணிகள் ஜன்னல் வழியாகப் பாதிதான் பார்ப்பார்கள். விமானம் வந்து நின்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் எங்கள் வண்டி கிட்டே போகும். முதலில் பாண்டிங் வயரை மாட்ட வேண்டும். குழாயில் எரிபொருள் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். வண்டியும் விமானமும் வயரால் இணைந்திருந்தால் பொறி பறக்காது. கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்துச் சுழற்றி வெளிச்சத்தில் பார்ப்போம். தூசி இருக்கக் கூடாது, அடியில் தண்ணீர் முத்து உருளக் கூடாது. கண்ணுக்குத் தப்பும் ஈரத்துக்குத் தனிச் சோதனை உண்டு. சிரிஞ்சு முனையில் ஒரு மஞ்சள் காப்ஸ்யூலைச் செருகி 5 மில்லி இழுத்தால், ஈரம் இருக்கும்போது மஞ்சள் பச்சையாக மாறிவிடும். இறக்கைக்கு அடியில் குழாயை மாட்டிவிட்டு டெட்மேன் ஸ்விட்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்போம். பிடித்திருக்கும் ஆள் மயங்கி விழுந்தால் ஓட்டம் தானாக நின்றுவிடும். நின்றபடியே தூங்கிவிடக் கூடாது என்பதற்காக அவ்வப்போது விட்டு அழுத்தவும் வேண்டும். இவ்வளவும் அரைமணி நேரத்துக்குள். அந்த அரைமணியிலேயே ஒரு பக்கம் பெட்டி ஏறும், இன்னொரு பக்கம் சாப்பாட்டு வண்டி நிற்கும், படியில் பயணிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

சென்னையிலிருந்து டெல்லி போகும் ஓர் ஏ320 கிளம்பும்போது, அவசரத் தேவைக்கான கையிருப்பையும் சேர்த்து, சுமார் 10 டன் எரிபொருள் அதன் டாங்கில் இருக்கும். லிட்டரில் சொன்னால் பன்னிரண்டாயிரம் சொச்சம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால். ஆக, அந்த 10 டன்னும் எரிந்தால் 31 டன்னுக்கு மேல். உலகம் வெளிவிடும் மொத்த கார்பன் டை ஆக்சைடில் விமானங்களின் பங்கு இரண்டரை சதவீதம்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஒரு ஷிப்டில் என் கை வழியாகப் போகும் டன்களை எண்ணிப் பார்த்தால் அந்தச் சமாதானம் எனக்கு எடுபடுவதில்லை.

இதற்கு மாற்றாக விமான நிறுவனங்கள் இப்போது அதிகம் பேசுவது எஸ்ஏஎஃப் பற்றி. பயன்படுத்திய சமையல் எண்ணெய், விவசாயக் கழிவு, எத்தனால் போன்றவற்றிலிருந்து தயாரிக்கும் எரிபொருள். சாதாரண எரிபொருளோடு 50 சதவீதம் வரை கலக்க அனுமதி உண்டு. இந்தியாவில் சர்வதேச விமானங்களுக்கு 2027ல் 1 சதவீதம், 2028ல் 2, 2030ல் 5 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025லேயே 2 சதவீதம் கட்டாயம் ஆகிவிட்டது. இந்தக் கலவை வந்தால் எனக்கு ஒன்றும் மாறாது. அதே குழாய், அதே ஜாடி, அதே மஞ்சள் காப்ஸ்யூல். நிறுவனங்களுக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே அதுதான் என்பது என் கணிப்பு.

ஹைட்ரஜன் வந்தால் எதுவுமே பழையபடி இருக்காது. எனக்கு அதைப் புரியவைத்தவர் எங்கள் அத்தான். அக்காவைக் கட்டியவர், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட்டுக்கான திரவ ஹைட்ரஜன் நிரப்பும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காவல்கிணறு பக்கம் வீடு. மொட்டை மாடியில் நின்றால் முப்பந்தல் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவது தெரியும். ஊருக்குப் போனால் ராத்திரி அங்கேதான் பேச்சு.

"மாப்ள, நீங்க ஊத்துறது எண்ணெய். நாங்க ஊத்துனது குளிரு" என்பார்.

சும்மா சொல்லவில்லை. ஹைட்ரஜனைத் திரவமாக வைத்திருக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். அதை ஒரு குழாயில் விடுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றைத் துரத்தியாக வேண்டும். பொதுவாக இதற்கு நைட்ரஜன் போதும். ஆனால் நைட்ரஜன் மைனஸ் 210லேயே உறைந்து கட்டியாகிவிடும், வால்வை அடைத்துக்கொள்ளும். அதனால் கடைசிச் சுற்றுக்கு ஹீலியம்தான். நம் நாட்டுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்க வேண்டிய சரக்கு அது, விலையும் அதிகம். பிறகு குழாயைக் குளிர வைக்க வேண்டும். முதலில் விடும் திரவம் குழாயின் சூட்டில் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், அதைப் பத்திரமாக வெளியேற்றி எரிக்க வேண்டும். குழாய் போதுமான அளவு குளிர்ந்த பிறகுதான் திரவம் திரவமாகவே போய்ச் சேரும். "அவசரப்பட்டா அது நம்மள மதிக்காது வே" என்று சிரிப்பார்.

ஒருமுறை அவர் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க ஏப்ரன்ல கீழ தாரா, சிமெண்டா?" ஏப்ரன் என்றால் விமானம் நிற்கும் தளம். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஹைட்ரஜன் குழாயின் காப்பு எங்காவது பழுதானால் அந்த இடத்தில் வெளிக்காற்றே திரவமாகிச் சொட்டும். நைட்ரஜனைவிட ஆக்சிஜன் சீக்கிரம் திரவமாகும் என்பதால் அந்தச் சொட்டில் ஆக்சிஜன் தூக்கலாக இருக்கும். அது தாரில் ஊறினால், மேலே ஒரு ஸ்பேனர் விழுந்தால்கூட வெடிக்கலாம். எங்கள் நிறுத்துமிடம் கான்கிரீட்தான். ஆனால் தார் போட்ட பாதைகளிலும் எங்கள் வண்டிகள் ஓடுகின்றன. அதன் பிறகு விமான நிலையத்தில் நடக்கும்போது அடிக்கடி கீழே பார்க்கிறேன்.

என் தொழிலுக்கு மூக்கும் கண்ணும்தான் மூலதனம். லேசாகக் கசிந்தாலும் வாசனை காட்டிக்கொடுக்கும். கலங்கினால் ஜாடியில் தெரியும். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சமையல் கேஸில் கலப்பதுபோல நாற்றம் கலக்கலாமே என்று அத்தானிடம் கேட்டேன். அந்தக் குளிரில் கலப்பதெல்லாம் உறைந்துவிடும், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூயல் செல்லுக்கும் ஆகாது என்றார். எரிந்தால் சுடரும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், அதற்கு மிகச் சிறிய பொறி போதும். நல்ல பக்கமும் உண்டு. காற்றைவிடப் பல மடங்கு லேசு என்பதால் திறந்தவெளியில் கசிந்தால் சட்டென்று மேலே போய்விடும். எங்கள் எண்ணெய் போலத் தரையில் ஓடித் தேங்கி நிற்காது. கூரைக்கு அடியில்தான் ஆபத்து. அதாவது விமானத்தை உள்ளே நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில்.

இந்த ராத்திரிப் பேச்சு ஒன்றில்தான் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனில் விமான எரிபொருளைப்போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் இருக்கிறது. என் 10 டன்னுக்குப் பதில் 3.6 டன் போதும். இதைக் கேட்டால் எந்த விமானிக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் திரவ நிலையிலும் ஒரு கன மீட்டரில் 71 கிலோதான் பிடிக்கும். 3.6 டன் என்றால் ஐம்பதாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் இருந்த இடத்தில் நான்கு மடங்கு. அதுவும் இறக்கைக்குள் ஊற்றி வைக்க முடியாது. உருளையாகவோ கோளமாகவோ கனத்த காப்போடு டாங்கு வேண்டும், அதற்கு விமானத்தின் உடம்பில்தான் இடம், பயணிகள் உட்காரும் பக்கத்தில். சோவியத் காலத்தில் து-155 என்ற விமானத்தின் ஓர் இன்ஜினைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டி 1988 ஏப்ரல் 15ல் பறக்கவிட்டார்கள். அதில் டாங்கு கேபினின் பின்பகுதியை விழுங்கிக்கொண்டது. பறக்க முடியும் என்பது அன்றைக்கே நிரூபித்தாகிவிட்ட விஷயம்.

அத்தான் தன் பக்கக் கணக்கைச் சொன்னார். சந்திரயான்-3 ஏறிப்போன எல்விஎம்3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் பகுதியில், அதாவது கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும் பகுதியில், மொத்தம் சுமார் 28 டன் உந்துபொருள். பெரும்பங்கு திரவ ஆக்சிஜன். ஹைட்ரஜன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அதாவது, ஒரே ஒரு டெல்லி விமானத்துக்கு நான் ஊற்ற வேண்டிய ஹைட்ரஜன், ஒரு ராக்கெட்டுக்குத் தேவையானதில் முக்கால் பங்கு. ராக்கெட் வருடத்துக்குச் சில தடவை கிளம்பும். நிரப்பும்போது சுற்றுவட்டாரத்தில் ஆளே இருக்கக் கூடாது. எல்லாம் தூரத்திலிருந்து, மணிக்கணக்கில். எனக்கோ அரைமணி நேரம், படியில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா ஏறிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள்.

மின்சாரக் கணக்கை நான் பிறகு தனியாகப் போட்டேன். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 55 யூனிட் ஆகலாம், திரவமாக்க இன்னொரு 10 யூனிட். 3.6 டன்னுக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் யூனிட்டுக்கு மேல். ஒரு விமானம், ஒரு பயணம். கொச்சி விமான நிலையம் 2015லேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறிய இடம். அங்கே 1000 கிலோவாட்டில் பசுமை ஹைட்ரஜன் ஆலை அமைக்க 2024ல் பாரத் பெட்ரோலியத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். பேருந்துக்கும் மற்ற வண்டிகளுக்கும் நல்ல ஆரம்பம்தான். அந்த அளவுள்ள ஆலை இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 400 கிலோ சொச்சம் கிடைக்கும். என் டெல்லி விமானம் ஒரு வாரத்துக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டும்.

இதனால் ஹைட்ரஜனே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சின்ன விமானங்களில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 2023 ஜனவரி 19ல் இங்கிலாந்தின் கெம்பிளில் ஜீரோஅவியா நிறுவனம் ஒரு டோர்னியர் 228ஐப் பறக்கவிட்டது. இடது பக்கம் ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்லில் ஓடும் மின்மோட்டார், வலது பக்கம் வழக்கமான இன்ஜின். பறந்தது பத்து நிமிடம். படத்தைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது, ஏனென்றால் டோர்னியர் நமக்குத் தெரிந்த முகம். கான்பூரில் எச்ஏஎல் என்ற நம் அரசு விமான நிறுவனம் தயாரிக்கிறது. கடலோரக் காவல்படையின் டோர்னியர்கள் சென்னையில் ஏறி இறங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். பத்தொன்பது பேர் உட்காரும் விமானம், குறைந்த தூரம், அழுத்தத்தில் அடைத்த வாயு. இதற்கு ஹீலியமும் வேண்டாம், மைனஸ் 253ம் வேண்டாம். வண்டியும் குழாயும் இருந்தால் என் போன்ற ஆளே பழகிக்கொள்ளலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு நிறுவனம், யுனிவர்சல் ஹைட்ரஜன். நிரப்பும் தலைவலியே வேண்டாம், ஹைட்ரஜனை உருளைகளில் அடைத்து லாரியில் கொண்டுவந்து, வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றுவதுபோல விமானத்தில் மாற்றிவிடலாம் என்றார்கள். விமான நிலையத்தில் குழாயே பதிக்க வேண்டியதில்லை. சரக்கு ஏற்றும் ஆட்களே செய்துவிடுவார்கள். எங்களுக்குத்தான் வேலை இருக்காது. வேலை போகும் என்று தெரிந்தும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் தரையில் நிற்பவனின் நேரத்தை நினைத்துப் பார்த்த ஒரே கூட்டம் அதுதான் என்று பட்டது. 2023 மார்ச் 2ல் அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் ஒரு டேஷ் 8 விமானத்தைக் கால் மணி நேரம் பறக்கவிட்டார்கள். அடுத்த வருடம் ஜூனில் பணம் கிடைக்காமல் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள்.

பெரிய விமானங்களில் ஏர்பஸ்தான் முன்னால் நின்றது. 2035ல் ஹைட்ரஜன் விமானம் சேவைக்கு வரும் என்று 2020 செப்டம்பரில் அறிவித்தது. 2025ல் அந்தத் திட்டம் தள்ளிப்போனது. தொழில்நுட்பம் முதிர்ச்சி அடைய வேண்டும் என்பதோடு, ஹைட்ரஜனைத் தயாரித்துக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுகள் எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை என்பதும் காரணம். செய்தியை வாசித்ததும் அத்தானுக்குப் போன் போட்டேன். "குழாயில நிக்குதுன்னு சொல்லுதான், அவ்வளவுதான் மாப்ள" என்றார்.

உண்மையில் ஹைட்ரஜன் விமானப் பரிசோதனைகள் எதையும்விட நான் ஆர்வமாகப் படித்தது 2024ல் பிரிஸ்டல் விமான நிலையத்தில் நடந்த ஒன்றை. பெட்டிகளை இழுக்கும் டிராக்டர்களுக்கு ஹைட்ரஜன் நிரப்பி, விமானம் நிற்கும் இடத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடாத விஷயம். ஆனால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், யாருக்கு என்ன பயிற்சி, கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அங்கேதான் எழுதப்படும். இப்போது எண்ணெய் ஏற்றும்போது பயணிகள் ஏறலாம், அதற்கு விதி இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு அப்படி விடலாமா என்பதை ஒருவர் அளந்து, சோதித்து, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது வரும்வரை எந்த விமானமும் அரைமணியில் கிளம்பாது. அரைமணியில் கிளம்பாத விமானத்தைக் குறைந்த கட்டண நிறுவனங்கள் வாங்காது.

புதிதாகச் சேர்ந்த பையன்கள், "அண்ணே, ஹைட்ரஜன் வந்தா நமக்கு டிரெயினிங் குடுப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். குடுத்துத்தானே ஆகணும் என்கிறேன். இப்போதைக்கு எங்கள் கையேட்டில் ஹைட்ரஜன் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, பேட்டரி சார்ஜ் செய்யும் அறை பற்றிய பக்கத்தில்: வாயு சேரும், ஜன்னலைத் திறந்து வைக்கவும்.