கடையில் வாங்கிய கணினியை ஓவர்கிளாக் செய்வதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், நம்மவர்கள் பலர் வைத்திருக்கும் மேசைக் கணினிகள் கடையில் முழுதாக வாங்கியவை, அல்லது அலுவலகங்கள் கழித்துக்கட்டியவற்றைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்கியவை. அவற்றின் செயலியை ஓவர்கிளாக் செய்து, அதாவது தயாரிப்பாளர் விதித்த வேகத்துக்கும் மேலாக ஓடவைத்து, வேகத்தைக் கூட்டலாமா என்று யார் கேட்டாலும், செயலியின் முழுப்பெயரையும் மதர்போர்டின் சிப்செட்டையும் (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) முதலில் பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். கேள்விக்குரிய விடையில் பாதி அந்த இரண்டிலேயே இருக்கிறது.

செயலியின் வேகம் என்பது அடிப்படைக் கடிகார வேகத்தை ஒரு பெருக்கியால் பெருக்கி வருவது. 1998இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ செயலியில் பெருக்கி 4.5, மதர்போர்டின் அடிப்படைக் கடிகாரத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. 2011இல் வெளிவந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறைச் செயலிகளிலிருந்து இந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அதில் அடிப்படைக் கடிகாரத்தோடு பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா முதலிய இணைப்புகளின் (கிராஃபிக்ஸ் அட்டை, வன்தட்டு போன்றவை இவற்றின் வழியே இணைகின்றன) கடிகாரமும் சேர்ந்தே நகர்வதால், சில விழுக்காட்டுக்கு மேல் கூட்டினால் கணினி நிலைகுலைந்துவிடும். எஞ்சியிருப்பது பெருக்கி. அதை இன்டெல் பெரும்பாலும் பெயரில் ‘கே’ என்ற எழுத்துள்ள செயலிகளில்தான் நாம் மாற்றும்படி திறந்துவைக்கிறது. அதற்கும் ‘இசட்’ வரிசைச் சிப்செட் வேண்டும். ஏஎம்டியின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தவையே, ஆனால் ஏ320, ஏ520 சிப்செட் உள்ள மதர்போர்டுகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இன்டெல் செயலி உள்ள அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் ‘பி’, ‘எச்’, ‘க்யூ’ வரிசைச் சிப்செட்டுகளே இருக்கும். அவற்றின் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) பெருக்கியை மாற்றும் பக்கமே இராது.

பூட்டு இல்லாவிட்டாலும் வெப்பம் இருக்கிறது. செயலி உண்டாக்கும் வெப்பம் கடிகார வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்ட நேர்ந்தால், வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 65 வாட் செயலிக்கென்று வைத்த சிறிய ஹீட்சிங்கும் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) ஒற்றை விசிறியும் அதைத் தாங்கா.

உண்மையில், நான் பார்த்த கணினிகள் பலவற்றில் செயலி தனக்கு விதித்த வேகத்திலேயே ஓடவில்லை. என் அக்காள் மகன் தைப்பூசக் காவடி வீடியோக்களைத் தொகுப்பவன். கோர் ஐ7 8700 செயலி உள்ள அவனுடைய கணினியில், ரெண்டர் (தொகுத்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) தொடங்கியதும் வேகம் ஏறி, சிறிது நேரத்தில் சரிந்துவிடும். ஓவர்கிளாக் செய்துதரும்படி என்னிடம் கேட்டான். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது செயலி 100 டிகிரியைத் தொட்டுத் தன்னைத் தானே தணித்துக்கொண்டிருந்தது. ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே தூசு கெட்டியாகப் படிந்திருந்தது. கடற்கரை ஈரம் அதை மேலும் இறுக்கியிருந்தது. தூசியை நீக்கி, செயலிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசியபின் வேகம் சரியாமல் நின்றது, ரெண்டரும் விரைவாக முடிந்தது. அதே மென்பொருள், வேகத்தைக் கட்டுவது வெப்பமா, பயாஸில் வைத்த மின்திறன் வரம்பா என்பதையும் காட்டும். வரம்புதான் காரணமென்றால், அதை மாற்றப் பயாஸ் இடம் தராதவரை புது விசிறி வாங்குவது வீண்செலவு. ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதற்கு இணையான இன்னொன்றைச் சேர்ப்பதும் பலன் தரும்.

திறந்த செயலியும் ஏற்ற சிப்செட்டும் அமைந்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். எனக்கும் அதில் மிகுந்த ஆர்வம் உண்டு. முதலில் நல்ல ஹீட்சிங்கைப் பொருத்துங்கள், பவர் சப்ளையின் வாட் அளவு போதுமா என்று பாருங்கள். பெருக்கியை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் செயலிக்கு முழுச் சுமை தந்து சோதிக்கும் பிரைம்95 மென்பொருளைப் பல மணி நேரம் ஓடவிடுங்கள். விண்டோஸ் திறந்துவிட்டது என்பது நிலைத்தன்மைக்குச் சான்றாகாது. கணக்கில் நேரும் ஒரு சிறு பிழை, எந்த எச்சரிக்கையும் இன்றி ஒரு கோப்பைக் கெடுத்துவிடலாம். சோதனையை இங்கே கோடையான சனவரி மாதப் பகலில், ஏசி போடாத அறையில் செய்யுங்கள். அறை வெப்பம் ஐந்து டிகிரி ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும் என்பதால், குளிர்காலமான சூலையில் சரியாக நின்ற அமைப்பு காவடி மாதத்தில் நிற்கும் என்று நம்ப இயலாது.