உட்கார ஓர் இடம்

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு சிறு தொகை தனியாக இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948ல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று வந்த முதல் சட்டமும் அதுதான். அதற்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல வருட உழைப்பு இருந்தது. கல்வி அமைச்சராக இருந்து அதைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் அவினாசிலிங்கம்.

காவிரிப் படுகையில் ஒரு பேரூராட்சியில் நான் கிளை நூலகராக இருந்தபோது, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்த ரசீதைக் கையில் பிடித்தபடி வந்தார். "ஏம்மா, நான் இந்த வாசப்படியை மிதிச்சதே இல்லை. எனக்கு எதுக்கு இந்த வரி?" சட்டத்தைச் சொன்னேன். இங்கே வாங்குகிற பேப்பர், புத்தகம், எரிகிற விளக்கு எல்லாவற்றிலும் உங்கள் பணமும் இருக்கிறது ஐயா என்றேன். நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்போ அந்த ஃபேன் ஏன் ஓடலை?"

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நூலகத்துக்கு வருகிறவர்களில் பலர் யார் வீட்டுத் திண்ணையிலோ ஒதுங்கியவர்களைப் போல ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். விளக்கு எரியவில்லை என்றாலும் சொல்ல மாட்டார்கள். அவர் இடத்துக்குச் சொந்தக்காரராகக் கேட்டார். அப்புறம் தினமும் வந்தார். வாசகர் வட்டத்திலும் சேர்ந்தார்.

மாதாமாதம் நாங்கள் அனுப்பும் அறிக்கையில் புதிய உறுப்பினர்கள், இரவல் போன நூல்கள், வாசகர் வருகை எல்லாம் எண்ணிக்கையாகப் போகும். ஒருவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. ஒரு சிற்றூருக்கு நூலகம் செய்கிற பெரிய உபகாரம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், "என்ன வேணும்?" என்று யாரும் கேட்காமல் நாள் முழுக்க உட்காரக்கூடிய இடம் ஊரில் வேறு எது இருக்கிறது? கோயில் நடை சாத்துகிறார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு டீக்கு மேல் உட்கார்ந்தால் முகம் மாறுகிறது. பெண்களுக்கு அந்த பெஞ்சும் கிடையாது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் கழிப்பறை இல்லை. ஆண்கள் வெளியே எங்காவது போய்விடுவார்கள், நான் பக்கத்து வீட்டை நம்பியிருந்தேன். படிக்க வரும் பெண்களோ தண்ணீர் பாட்டிலே கொண்டுவர மாட்டார்கள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம், கிளம்பிவிடுவார்கள். மேலே கடிதம் மேல் கடிதமாக எழுதினேன், பதில் வரவில்லை. பெரியவர்தான் அதை வாசகர் வட்டக் கூட்டத்தில் எடுத்தார். "நம்ம ஊர் பிள்ளைகளுக்கு இதுகூடவா செய்ய முடியாது?" என்றார். கடைத்தெருவில் ஒருவர் செங்கல் தந்தார், ஒருவர் சிமெண்ட் தந்தார், வாசகரான கொத்தனார் பாதிக் கூலிக்கு வேலை செய்தார். அனுமதிக்காக அவரும் நானும் அலைந்தது தனிக் கதை.

கழிப்பறை வந்ததும் டிபன் பாக்ஸ் வந்தது. காலையில் வந்த பெண்கள் மாலைவரை இருக்கத் தொடங்கினார்கள். பின்வராந்தாவில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவர்கள் வாயில் சோற்றோடு பதில் சொல்வார்கள். புத்தக அலமாரிகள் அப்படியேதான் இருந்தன, ஒரு நூல்கூடப் புதிதாக வரவில்லை. ஆனால் நூலகமே வேறாகிவிட்டது.

அவர்களில் பெரும்பாலோர் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்தவர்கள். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் எழுதலாம். ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வரும். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடநூல்களை வரி விடாமல் படிப்பதுதான் அடிப்படை. அதனால் எங்கள் நூலகத்தில் அதிகம் தேய்ந்தவை நாவல்கள் இல்லை, பாடநூல்கள். சமூக அறிவியல் புத்தகத்தின் மூலைகள் மழுங்கி, தாள்கள் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். முதுகு விட்டுப்போனதைக் கோணி ஊசியும் தடித்த நூலும் வைத்து நானே தைப்பேன். அந்த வரிசையை வீட்டுக்குத் தருவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒருவர் எடுத்துப் போனால் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். சிலருக்குக் கோபம்தான். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத வீடுகள் அவை. பணம் இருந்தாலும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தினம் அனுப்ப யோசிப்பார்கள். ஆனால் "லைப்ரரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பெண் வீட்டைவிட்டு இறங்கினால் பெரும்பாலும் அடுத்த கேள்வி வருவதில்லை. அந்த நம்பிக்கை எங்களுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த நூலகர்கள் சேர்த்துவைத்தது. ஒரு தகப்பனார் சைக்கிளை எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டு சில நாள் உள்ளே பார்த்தபடி நின்றார். பிறகு ஒருநாள் உள்ளே வந்தார். தினத்தந்தியை எடுத்துப் புரட்டினார். மகள் இருந்த பக்கம் திரும்பாமலே வெளியே போனார். அதோடு சைக்கிள் வந்து நிற்பது நின்றுவிட்டது.

எல்லோரும் தேறவில்லை. தேறாதவர்களுக்குக் கல்யாணம் ஆனது, சிலர் ஜவுளிக்கடை வேலைக்குப் போனார்கள். தேறிய ஒரு பெண் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பதால், தன் லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அடுத்து எழுதுகிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். "அக்கா, நான் படிச்ச இடம்" என்று என்னிடம் அனுமதி கேட்டாள். இதற்கு அனுமதி எதற்கு!

2010ல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, 2023ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டும் பெருமைதான். மதுரை நூலகத்துக்குப் போனபோது அங்கே படிக்கிற பிள்ளைகளைப் பார்த்து மனம் நிறைந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு நடந்து போகிற தூரத்தில் நூலகம் வேண்டும். புத்தகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 1931லேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் கிராமங்களுக்குப் போயிருக்கிறது.

எனக்கு இருக்கும் மனக்குறை நேரத்தைப் பற்றியது. காலையில் திறந்து, மதியம் பூட்டி, மாலையில் மறுபடி திறக்கிற சிறு நூலகங்கள் இன்னும் நிறைய உண்டு. பெரும்பாலும் ஒரே பணியாளர், அவரும் சாப்பிட வேண்டும். ஆனால் மதியம் வீட்டுக்குப் போன பெண் மாலையில் அநேகமாகத் திரும்புவதில்லை. குடமும் அடுப்பும் தம்பி தங்கையும் பிடித்துக்கொள்ளும். அதனால் கட்டடத்துக்கு வெள்ளை அடிப்பதற்கு முன்பு, ஒவ்வொரு ஊர்ப்புற நூலகத்துக்கும் இரண்டாவதாக ஓர் ஆளைப் போடுங்கள், மதியத்திலும் கதவு திறந்திருக்கட்டும்.