அப்பாயியின் இளஞ்சூடு 44 டிகிரி

எங்கள் வீட்டுக் கொல்லையில் வெந்நீர் அடுப்பு இன்னும் இருக்கிறது. கேஸ் வந்தது, கீசர் வந்தது, அந்தக் கீசரையும் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. ஆனால் அப்பாயியைப் பொறுத்தவரை தென்னை மட்டையும் பாளையும் போட்டு எரித்து, செப்புத் தவலையில் காய்ந்தால்தான் அது வெந்நீர். மற்றதெல்லாம் 'சூடு காட்டின தண்ணி'.

மார்கழி பிறந்துவிடக் கூடாதே என்று கார்த்திகையிலேயே வளைகாப்பை முடித்து, என்னைச் சென்னையிலிருந்து பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்து வந்தார்கள். ஏழாம் மாதம். ஒரு வாரமாக மழை விடவில்லை. குடமுருட்டி கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, சம்பாப் பயிர் முழங்கால் தண்ணீரில் நின்றது. எனக்கு இடுப்பு விட்டுப் போகிற வலி. இரவு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தூக்கமில்லை. காலையில் அப்பாயி விளாவித் தரும் வெந்நீர் இடுப்பில் விழுகிற அந்தக் கால் மணி நேரம்தான் நாளிலேயே நல்ல நேரம். அதனால் வெந்நீரே ஆகாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் அது நடந்தது. காலை ஆறரை மணி, வெறும் வயிறு. குளிக்கும் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன். தாழ்வான மணையில் உட்கார்ந்து, சுகமாக இருக்கிறதே என்று இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டேன். ஆவியில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. சட்டென்று எழுந்தேன். காது அடைத்தது, கண் இருட்டியது, குழாயைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். வெளியே அப்பாயி, "ஆயி... ஆயி, கதவத் தொற" என்று தட்டுவது எங்கோ தூரத்தில் கேட்டது. எழுந்து தாழ்ப்பாளை எடுக்க ஐந்து நிமிடம் ஆனது.

கும்பகோணத்தில் டாக்டரம்மா முதலில் திட்டினார், அப்புறம்தான் விளக்கினார். சூடு பட்டால் தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும், பிரஷர் இறங்கும். கர்ப்பத்தில் அந்தக் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கும். உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்தால் இரத்தம் காலில் தங்கி, தலைக்குப் போவது குறைகிறது. வெறும் வயிறு வேறு. "மயக்கம் வந்தது பெரிய விஷயமில்லம்மா. வயித்துல அடிபட விழுந்திருந்தா?" என்றார்.

அங்கேயே என் பழைய கவலையையும் கொட்டிவிட்டேன். ஜூனில் கொடைக்கானல் போயிருந்தோம். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று அப்பா போன் செய்தபோது நான் ஹோட்டல் பாத்டப்பில் கழுத்தளவு சுடுதண்ணீரில் கிடந்தேன். நாள் தள்ளிப்போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பிறகு கணக்குப் போட்டால் அது ஐந்தாவது வாரம். அதற்கப்புறம் எதையோ படித்துவிட்டு எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு குழாய் போல உருவாகின்றன. கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். அதாவது பல பேருக்கு விஷயமே தெரிய வரும் நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் தாயின் உள்ளுடம்புச் சூடு 39 டிகிரியைத் தாண்டி நீடித்தால் குழாய் சரியாக மூடாமல் போகும் அபாயம் கூடுகிறது. காய்ச்சலாக இருந்தாலும் சரி, சுடுநீர்த் தொட்டியாக இருந்தாலும் சரி. நம் சாதாரணச் சூடு 37. நடுவில் இருப்பது இரண்டே டிகிரி.

ஆனால் தொட்டியில் கிடப்பதும் செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதும் ஒன்றல்ல, இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் உடம்பு வியர்த்துச் சூட்டை வெளியேற்ற முடியாது. வெளியே இருக்கும் வெந்நீரின் சூடும் மெல்ல உள்ளே ஏறும். ஊற்றிக் குளித்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது, ஈரத்தோல் காற்றில் ஆறுகிறது. நம் ஊர்க் குளியலில் பயப்பட வேண்டியது மயக்கத்துக்கும் வழுக்கலுக்கும்தான். ரிசார்ட்டுகளில் 40 டிகிரியில் நுரை பொங்கும் தொட்டி, நீராவி அறை எல்லாம் பத்து மாதமும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. வீட்டுத் தொட்டி என்றால் 37, மிஞ்சினால் 38. பத்து நிமிடம், நெஞ்சும் தோளும் தண்ணீருக்கு வெளியே. முகம் வியர்த்தாலே எழுந்துவிட வேண்டும், அதுவும் மெதுவாக.

கொடைக்கானலுக்கு என்ன பதில்? தண்ணீர் ஆறிக்கொண்டேதான் இருந்திருக்கும், நானும் கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். குழந்தைக்குத் திட்டமிட்ட நாளிலிருந்தே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். இருபதாவது வார ஸ்கேனில் முதுகெலும்பு நன்றாக இருந்தது. "அந்த ரிப்போர்ட்ட வீட்டுல வச்சுக்கிட்டா இத்தனை நாள் அழுதீங்க?" என்று கேட்டார். ஆமாம்.

சரி, 38 டிகிரி என்பதை அப்பாயிக்கு எப்படிப் புரியவைப்பது? கேட்டால் "இளஞ்சூடாத்தான் ஊத்தறேன்" என்பார். நாற்றுப் பறித்து, சோறு வடித்து, கொதிக்கும் தவலையைத் துணியில்லாமல் இறக்கிய கை அது. அந்தக் கைக்கு எல்லாமே இளஞ்சூடு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 வரைதான் காட்டும், வெந்நீரில் விட்டால் உடைந்தாலும் உடையும். கும்பகோணத்தில் மீன் தொட்டி விற்கும் கடையில், தொட்டிக்குள் தொங்கவிடும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கினேன். 50 வரை கோடு போட்டிருந்தது.

போர் தண்ணீர் 28. முழங்கையை விட்டுப் பார்த்து எனக்குச் சுகமாகப் பட்டது 37. அப்பாயி விளாவிய வாளி 44!

"நாலு பெத்தவ எனக்குத் தெரியாதது இந்த மீன் குச்சிக்குத் தெரியுமாக்கும்?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர் என்று முறையை மாற்றினோம். எங்கள் தவலைக்கு மூன்று செம்புக்கு ஒரு செம்பு சரியாக வந்தது. 38-ஐ அப்பாயி ஏற்றுக்கொண்டார். பெயர் மட்டும் 'பச்சத்தண்ணி' என்று வைத்துக்கொண்டார்.

அப்பா தாழ்ப்பாளைக் கழற்றியே விட்டார். மணைக்குப் பதில் உயரமான மர ஸ்டூல் வந்தது, காலுக்கு ரப்பர் மேட். நிறைந்த வாளி இருபது கிலோ இருக்கும், அதை நான் தொடவே கூடாது. குளிக்கும் முன் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கட்டாயம். அடுப்புப் புகை வேண்டாம் என்று என்னைக் கொல்லைக்கே விடவில்லை. மழையில் மட்டை நனைந்த நாட்களில் அம்மா வாளியில் ஹீட்டர் ராடைப் போடுவார். சுவிட்சை அணைக்காமல், பிளக்கையும் பிடுங்காமல் விரலை விட்டுச் சூடு பார்ப்பது அம்மாவின் வழக்கம். வெந்நீரை விட எனக்கு அதுதான் பயம்.

எண்ணெய் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மாமியார் திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் வைத்துத் தந்த விளக்கெண்ணெயைக் கொண்டுவந்தார். எங்களுக்கு ரொம்பப் பக்கம்தான், வெட்டாற்றங்கரை. சுகப்பிரசவத்துக்காக வயிற்றில் தடவிக்கொள்ளும் எண்ணெய். அம்மா குளிக்கும் முன் தடவச் சொன்னார். விளக்கெண்ணெய் டைல்ஸில் சொட்டினால் சீயக்காய்க்கும் அசையாது. குளித்து, துவட்டி, கட்டிலில் உட்கார்ந்து தடவிக்கொள்கிறேன் என்றேன். அம்பாள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா இன்னொன்று சொல்லி அனுப்பினார். பனிக்குடம் உடைந்தாலோ இரத்தம் பட்டாலோ, குளித்துவிட்டு வரலாம் என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் தெருவில் தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, அப்புறம் கிளம்பியவர்கள் உண்டு.

மாசியில் மகள் பிறந்தாள். அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட உட்கார்ந்த முதல் நாள், அப்பாயியே மீன் குச்சியைக் கேட்டு வாங்கி வாளியில் விட்டார். 37. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத்தான் ஊற்றினார். மறுநாள் எனக்கு நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீர். நான் குச்சிக்குக் கை நீட்டினேன்.

"அது புள்ளைக்கு. ஒனக்கு என் கைதான்."

திருட்டுத்தனமாக அளந்து பார்த்தேன். 41.