கூரையில்லாத ஹெரால்டும் மூடாத கதவும்

கதவு மூடவில்லை.

என் பழைய காரில் பத்து மாதம் வேலை செய்து, அடிச்சட்டமான சேஸிஸில் துரு எடுத்து, வெல்டிங் போட்டு, பெயின்ட் அடித்து, நான்கு பேராகப் பாடியைத் தூக்கி மேலே உட்கார வைத்து, போல்ட்டெல்லாம் முறுக்கி முடித்த அன்று ராத்திரி டிரைவர் பக்கக் கதவைச் சாத்தினேன். மேல் மூலை இடித்து நின்றது. அடுத்த பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே மூலை. கதவுக்கும் தூணுக்கும் நடுவே கீழே விரல் நுழையும் அளவு இடைவெளி, மேலே ஒரு காகிதம்கூட நுழையாது. கார் நடுவில் தொய்ந்து, தொட்டில் மாதிரி ஆகியிருந்தது. அன்று கராஜ் விளக்கை அணைத்துவிட்டு வந்தவன் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அந்தக் கார் ஓடுகிறது. ஆனாலும் அந்த ராத்திரி இன்னும் உறுத்துகிறது. கூரையை மடக்கக்கூடிய பழைய கன்வர்ட்டிபிள் ஒன்றை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்க நினைக்கும் யாராவது இதைப் படித்தால் அந்த மூன்று வாரமாவது அவர்களுக்கு மிச்சமாகும்.

என்னுடையது 1965 ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1200. லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறேன். இங்கே எத்தனையோ பழைய கார்கள் கிடைக்கும்போது ஹெரால்டைத் தேடியதற்குக் காரணம் அப்பா. திருச்சியில் அவரிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த கார். இங்கிலாந்தில் 1959-ல் வந்த இந்த ட்ரையம்ஃப்தான் அதன் மூலம். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். சின்ன வயதில் அப்பா முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் கை வைத்திருப்பார், நான் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். அதே மாதிரி டயர் மேல் உட்கார எனக்கும் ஆசை.

2021-ல் கென்ட் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்ததை 2,400 பவுண்டுக்கு வாங்கினேன். "ஒரிஜினல் கன்வர்ட்டிபிள், பேப்பர் தொலைந்துவிட்டது" என்றார் விற்றவர். பேப்பர் பரவாயில்லை, வி62 படிவமும் 25 பவுண்டும் அனுப்பினால் காரின் பதிவுச் சான்றான வி5சி புதிதாக வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலை மும்முரத்தில் அந்தப் படிவத்தை அனுப்பாமல் மாதக்கணக்கில் மேசை டிராயரில் போட்டுவைத்தேன். அதற்குக் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன். கார் சாலைக்கு வராது என்ற சோர்ன் அறிவிப்பை மட்டும் வாங்கிய வாரமே கொடுத்துவிட்டேன். பழைய உரிமையாளர் கொடுத்த சோர்ன் நமக்குச் செல்லாது, அதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

ஹெரால்டை வீட்டில் பிரிப்பது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். அப்போது வந்த கார்கள் பெரும்பாலும் பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே செய்தவை, இதற்கோ தனி சேஸிஸ். ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃபுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே இடத்தில் செய்துகொள்ள வழியில்லாமல், பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். முன்பகுதி ஒரு துண்டு, பின்தொட்டி ஒரு துண்டு, முன்சீட்டுக்குக் கீழே இரண்டும் சேரும். கூரையும் போல்ட்தான். அதனால் ஒரே சேஸிஸ் மேல் நிலையான கூரையுள்ள சலூன், கூப்பே, கன்வர்ட்டிபிள், எஸ்டேட் எல்லாம் செய்ய முடிந்தது. "கூரையும் போல்ட்தான்" என்ற வார்த்தை என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

இன்ஜினில் தொல்லை இல்லை. 1147 சிசி, புது ரிங், புது பேரிங், முடிந்தது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்னால் டிஸ்க் பிரேக், முப்புள்ளி சீட் பெல்ட் என்று நானாகச் செய்த மாற்றங்களும் சுலபமாகவே நடந்தன.

தப்பு நடந்தது அவுட்ரிகரில். சேஸிஸின் முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் வந்து பாடியைத் தாங்கும் பகுதி அது. எல்லா ஹெரால்டிலும் துருப்பிடிப்பது அங்கேதான். என்னுடையதில் ஸ்க்ரூடிரைவர் பிஸ்கட்டில் குத்தியதுபோல் இறங்கியது. பாடியைத் தூக்கி ஓரமாக இரண்டு மரக்கட்டை மேல், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று வைத்துவிட்டு, பழைய அவுட்ரிகரை வெட்டி எடுத்துப் புதிதை வெல்டிங் போட்டேன். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது. தூக்குவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டிங் போடவில்லை. இரு முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்து, கூரையில்லாத பாடியை ஏழு மாதம் அப்படியே விட்டுவைத்தேன்.

மூன்றாவது தப்பு அதைவிடச் சின்னது, அதைவிட எரிச்சலானது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே, ஒவ்வொரு போல்ட்டிலும் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் மூன்று. கதவு இடைவெளியைத் தொழிற்சாலையில் சரிசெய்ததே அவற்றை வைத்துத்தான். நான் எல்லாவற்றையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டேன். நீங்கள் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கவர், அதன் மேல் எண், ஒரு ஃபோட்டோ என்று செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

மூன்று வாரம் கழித்து வெட்கத்தை விட்டு, வெம்ப்ளி பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் போனேன். வயது எழுபதை நெருங்கும், எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். கதவை ஒருதரம் சாத்திப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார்.

"தம்பி, தூக்க முதல் கதவு வாசலுக்குக் கம்பி போட்டனீங்களோ?"

"இல்லண்ணா."

"அப்ப பிறகு எப்பிடிக் கதவு மூடும்?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் கதவின் பின்தூணைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆனா இவ்வளவுக்குத் தொய்யக் கூடாதே. இது கன்வர்ட்டிபிள் எண்டுதானே சொல்லி வித்தவை? நான் பாத்த கன்வர்ட்டிபிளுக்கு இந்தத் தூணடியில மேலதிகமாத் தகடு இருக்கும். இதில ஒண்டையும் காணேல்லை. பேப்பரில என்ன போட்டிருக்கு?"

பேப்பர் டிராயரில் இருந்தது, படிவமாக. மறுநாளே அனுப்பினேன். ஐந்து வாரத்தில் வி5சி வந்தது. பாடி வகை என்ற இடத்தில் 'இரண்டு கதவு சலூன்' என்று இருந்தது.

உடனே கராஜுக்கு ஓடி பானட்டைக் கவிழ்த்து, இன்ஜினுக்குப் பின்சுவரில் ரிவெட் அடித்திருக்கும் எண் தகட்டைப் பார்த்தேன். ஜிஏ என்று தொடங்கும் எண், கடைசியில் டிஎல். கன்வர்ட்டிபிளாக இருந்தால் சிவி என்று முடியவேண்டும். பத்து மாதம் தினமும் என் கண் முன்னாலேயே இருந்த தகடு! எவரோ எப்போதோ சலூனின் கூரையைக் கழற்றி, மேலே ஒரு துணியைப் போட்டு, கன்வர்ட்டிபிள் என்று கைமாற்றியிருக்கிறார்கள். வலுவூட்டும் எதையும் சேர்க்கவில்லை. கூரைதான் அந்தப் பாடியைப் பிடித்து வைத்திருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். பிறகு அடியில் இருந்த அவுட்ரிகரையும் நான் எடுத்தேன். தொய்யாமல் என்ன செய்யும்?

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். தானும் அப்படித்தான் வாங்கியதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஹெரால்ட் கன்வர்ட்டிபிள் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் இன்ஜினையும் பார்ப்பதற்கு முன் பானட்டைத் திறந்து அந்தக் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். சலூனை மாற்றிச் செய்ததாக இருந்தாலும் தப்பில்லை, ஒழுங்காகச் செய்த கார்கள் நிறைய ஓடுகின்றன. விலை மட்டும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு பாகம் விற்பவர், "சிவி என்று அடித்த புதுத் தகடு தருகிறேன், ரிவெட் போட்டுவிடு, யாருக்குத் தெரியும்" என்றார். வேண்டாம் என்றேன். காரின் அடையாளத்தை மாற்றுவது இங்கே குற்றம், அப்படிப்பட்ட கார் பின்னால் யார் கைக்குப் போனாலும் அவருக்கும் தலைவலி. அந்த டிஎல் தகடு இப்போதும் அதே இடத்தில் இருக்கிறது.

சரி, சலூன் கூரை ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். மனம் வரவில்லை. முறையாகவே கன்வர்ட்டிபிள் ஆக்குவது என்று முடிவு செய்தேன்.

பின்பக்கம் இடிபட்ட உண்மையான கன்வர்ட்டிபிள் பாடி ஒன்று பர்மிங்ஹாம் பக்கம் கிடைத்தது. அதிலிருந்து தூணடி வலுவூட்டல்களை வெட்டி எடுத்துக்கொண்டேன். ஹுட் என்ற துணிக்கூரையை மடிக்கும் சட்டம் அதில் இல்லை. 'ட்ரையம்ஃப் கன்வர்ட்டிபிள் ஹுட் சட்டம்' என்று ஒரு விளம்பரம் பார்த்து நார்ஃபோக் வரை போனேன், போக வர ஏழு மணி நேரம். எடுத்து வந்து வைத்துப் பார்த்தால் ஸ்பிட்ஃபயருடையது. அதுவும் ட்ரையம்ஃப்தான், ஆனால் இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார், அதன் சட்டம் இதற்கு எங்கேயும் ஒட்டாது. அதை விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். பாகம் எதுவானாலும் அளவு டேப்பை மேலே வைத்து எடுத்த ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பெட்ரோல் செலவழிக்க வேண்டாம். சரியான சட்டம் கிடைக்க மேலும் நான்கு மாதம் ஆனது.

பாடியை நிமிர்த்தியது முழுக்க அண்ணையின் கைவேலை. சேஸிஸை நான்கு ஸ்டாண்டில் ரசமட்டம் பார்த்து வைத்தோம். பாடியை அதன் மேல் லேசாகப் போல்ட் போட்டு உட்கார வைத்து, நடுவில் ஜாக்கி கொடுத்து, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகும்வரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கினோம். ஒவ்வொரு தூக்கலுக்கும் கதவைச் சாத்திப் பார்ப்போம். சரியான இடம் வந்ததும் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய் இரண்டு பக்கமும், குறுக்கே ஒன்றும் வெல்டிங். அதற்குப் பிறகுதான் வலுவூட்டல்களை ஒட்டினார். ஒரே இடத்தில் நீளமாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் தேநீர். "சூடு ஏறினா தகடு தன்ர பாட்டுக்கு இழுக்கும்" என்றார். கடைசியாகக் குழாய்களை வெட்டி எடுத்தபோது மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றேன். இடைவெளி அசையவில்லை. மற்றதை ஷிம் போட்டுச் சரிசெய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

முன்சக்கரத்தில் கை வைக்கும்போது இன்னொன்று தெரிந்தது. கீழே இருக்கும் ட்ரன்னியனுக்கு, அதாவது சக்கரம் திரும்பும் மரை மூட்டுக்கு, இபி90 கியர் ஆயில்தான் போடவேண்டும். பழைய உரிமையாளர் யாரோ கிரீஸ் அடைத்திருந்தார். கிரீஸ் இறுகிப்போனால் மரைக்குள் எண்ணெய் இறங்காது, ஈரம் தங்கித் துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் அப்படியே மடங்கும். என்னுடையதில் மரை முக்கால்வாசி தின்று போயிருந்தது. வாங்கியவுடன் ஓட்டிப் பார்க்க ஆசை வரும், அதற்கு முன் இதைக் கழற்றிப் பாருங்கள்.

ஹுட் துணியை ஜனவரியில் மாட்டினேன், அதுவும் தப்பு. குளிரில் வினைல் விறைத்துக்கொண்டு இழுபடவே இல்லை. இழுத்த மட்டும் ஒட்டிவிட்டேன். மே மாத வெயிலில் தளர்ந்து பாய்மரம் மாதிரி படபடத்தது. கழற்றி, நல்ல வெயில் நாளில் இரண்டு மணி நேரம் விரித்து வைத்துவிட்டு மறுபடி மாட்டினேன்.

பேப்பர் வேலை, பயந்த அளவுக்கு இல்லை. வி5சியில் பாடி வகையைத் திருத்தி, எல்லாப் பக்கமும் எடுத்த ஃபோட்டோக்களோடு என்ன செய்தேன் என்று மறைக்காமல் ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன். சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அதே காருடையவை என்பதற்கு வேலை நடந்தபோது தேதியோடு எடுத்த படங்கள் உதவின. முதல் தடவை பின்பக்கப் படம் வைக்க மறந்து திரும்பி வந்தது, அது என் தவறு. இரண்டாம் தடவை 'கன்வர்ட்டிபிள்' என்று வந்துவிட்டது. இன்ஷூரன்ஸிலும் சலூனிலிருந்து மாற்றியது, டிஸ்க் பிரேக் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒளித்தால் விபத்து நேரத்தில் பணம் வராமல் போகலாம்.

நாற்பது வயது தாண்டிய கார் என்பதால் சாலையில் ஓடத் தகுதி பார்க்கும் எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. இருந்தும் கொண்டுபோனேன். முன் பிரேக் ஹோஸ் ஒன்று ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் டயரில் உரசுகிறது என்று சோதித்தவர் காட்டினார். ஹெரால்டின் சக்கரம் மற்ற கார்களைவிட அதிகம் திரும்பும், 25 அடிக்குள் வட்டமடிக்கும் கார். கராஜில் அவ்வளவு திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

போன ஜூனில் அப்பா வந்திருந்தார். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார், பானட்டைக் கவிழ்க்கச் சொன்னார், டயர் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். எண் தகட்டை விரலால் தொட்டு, "இது என்னடா டிஎல்?" என்றார். கதை பெரிது, போய்க்கொண்டே சொல்கிறேன் என்றேன். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஒரே தடவையில் மூடியது.